மீண்ட மதிப்பலகும் மீளாத கல்வியும்

பாடத்தில் தவறிய மாணாக்கனை மீண்டும் அப்பாடத்திற்கு ஆற்றுப்படுத்துதல் கற்பிப்போர் கடனாகும். அக்கடனை இணையவழிப் பாடத்திடம் ஒப்படைத்தால் பயன் விளையுமா? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இவ்வினா எழுந்து ஆண்டுகள் பலவாயின. விடையோ இன்னும் இருபாற்பட்டே நிற்கிறது.

அந்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர் தேறும் ஒவ்வொரு பாடத்திற்கும் மதிப்பலகு வழங்கப்படும். வேண்டிய அலகுகள் சேர்ந்தாலன்றிப் பள்ளியிறுதிச் சான்றிதழ் கிட்டாது. தவறிய பாடத்தை முன்பு கோடை வகுப்பில் ஆசிரியர்முன் இருந்து பயின்றனர். பின்னர்க் கணினிமுன் அமர்ந்து பயிலும் வழக்கம் பரவிற்று. நான்காண்டில் தேறியோர் விகிதத்தை எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் கணக்கிடுமாறு 2008இல் நடுவண் அரசு விதி செய்தது. அவ்விகிதம் பள்ளியை அளக்கும் கோல்களுள் ஒன்றாயிற்று. அலகை விரைந்து மீட்டுத் தரும் வழியைப் பள்ளிகள் விரும்பியதில் வியப்பில்லை.

இவ்வழியின் பயனை அளந்த ஆய்வுகளுள் சிக்காகோ நகரில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தின் இரண்டாம் பருவத்தில் தவறிய 1,224 மாணவர் 2011, 2012ஆம் ஆண்டுகளின் கோடையில் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். பிரித்தது குலுக்கல் முறையில். ஆதலின் வல்லவர் ஒருபுறமும் மெலியவர் மறுபுறமும் சேர்ந்துவிட்டனர் என்னும் ஐயத்திற்கு இடமில்லை. 2016இல் முடிவுகள் வெளியாயின. ஆசிரியரிடம் பயின்றோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அலகை மீட்டனர். இணையவழியில் பயின்றோருள் மூன்றில் இரு பங்கினரே மீட்டனர். இறுதியில் வைத்த இயற்கணிதத் தேர்விலும் இவர்களே பின்தங்கினர்.

பொறிக்கு அன்பில்லை, ஆதலின் தோற்றது என்று கூறி அமைதல் எளிது. அது போதிய விடையன்று. இணையப் பிரிவிலும் தொலைவிருந்து கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் வகுப்பிலேயே துணைநிற்பவர் ஒருவரும் இருந்தனர். வேறுபாடு பாடப்பொருளில் இருந்தது. இணையப் பாடம் இரண்டாம் பருவப் பகுதியையே பெரிதும் கற்பித்தது. நேரில் கற்பித்த ஆசிரியரோ மாணவர் முகம் நோக்கினர். அடிப்படையே தளர்ந்திருப்பதை உணர்ந்தனர். பின்சென்று முதற்பருவப் பகுதியையும் அதற்கும் முந்திய கணக்கையும் கற்பித்தனர்.

ஈண்டு மறுதலை வினா ஒன்று எழும். எளிய பாடம் நடத்தி வழங்கிய அலகும் கடிய பாடம் நடத்தி வழங்கிய அலகும் ஒன்றாகுமா? ஆகா. ஆதலின் தேறியோர் தொகையை மட்டும் கொண்டு ஆசிரியர் வகுப்பு வென்றது என முழங்குதல் முறையன்று. மேலும், நான்காண்டின் இறுதியில் சான்றிதழ் பெற்றோரை எண்ணியபோது இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

கடிய பாடம் மாணவனைத் தளரச் செய்யும். தளர்ந்த பாடமோ அவனை ஏமாற்றும். முன்தேர்வில் வென்றால் ஒரு பகுதியைப் படியாமலே கடக்க விடும் இணையப் பாடங்கள் உள. வினாவைத் தேடுபொறியில் இட்டு விடையைப் பெயர்த்தெழுதும் மாணவரும் உளர். அங்கே அலகு மீள்கிறது, கல்வி மீள்வதில்லை. 2010–11இல் நூற்றுக்கு 79ஆக இருந்த அமெரிக்கத் தேர்ச்சி விகிதம் 2016–17இல் 85 ஆயிற்று. ஆயினும், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு நாடளாவி நடத்தப்பெறும் கணிதத் தேர்வின் சராசரி 2005க்கும் 2019க்கும் இடையே உயரவில்லை. இதற்கு இணையப் பாடமே காரணம் என்பது மிகை. எனினும் சான்றிதழின் பெருக்கமும் அறிவின் பெருக்கமும் ஒன்றல்ல என்பது தெளிவு.

இணையவழிப் பாடம் வேண்டாதது அன்று. நோயுற்ற மாணவனுக்கும் வேலைக்குச் செல்லும் மாணவனுக்கும் அது வாயிலாகலாம். ஆனால், அவன் எவ்விடத்தில் இடறினான் என்பதை முதலில் அறிதல் வேண்டும். இடறிய இடத்தை நாடாத பாடம், கணினி நடத்தினும் ஆசிரியர் நடத்தினும், இரண்டாம் முறை தவறுவதற்கே வழிசெய்யும்.