இணைசார்பும் கற்பும்: உளவியற் கருத்தாக்கம் ஒன்றும் தமிழ்ப் பனுவல்கள் மூன்றும்

முன்னுரை

தமிழில் உளவியல் திறனாய்வு என்றதும் ஃபிராய்டு, யுங் ஆகியோரின் கோட்பாடுகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. நனவிலி, ஈடிபஸ் சிக்கல், தொல்படிமம் முதலிய கலைச்சொற்கள் நம் ஆய்வுகளில் வேரூன்றிவிட்டன. இவை பெரிதும் தனிமனித மனத்தை அகழ்ந்து காண்பவை. இருவருக்கிடையேயுள்ள உறவே நலிவுறும் நிலையை விளக்கும் கருத்தாக்கங்கள் அந்த அளவிற்கு இங்கு எடுத்தாளப்படவில்லை. அவற்றுள் ஒன்று ஆங்கிலத்தில் ‘கோடிபென்டென்சி’ எனப்படுவது. இக்கட்டுரை அதனை ‘இணைசார்பு’ என்னும் சொல்லால் சுட்டுகிறது. இக்கருத்தாக்கம் சிலப்பதிகாரம், புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ ஆகிய மூன்று பனுவல்களுக்கு எவ்வளவு தூரம் ஒளியூட்டுகிறது, எவ்விடத்தில் பொருந்தாது நின்றுவிடுகிறது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணைசார்பு: சொல்லும் வரலாறும்

குடிநோயிலிருந்து மீள்வோர்க்கான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் அமெரிக்காவில் 1935இல் தோன்றியது. குடிநோயாளரின் குடும்பத்தினர்க்கென ‘அல்-அனான்’ அமைப்பு 1951இல் உருப்பெற்றது. குடிப்பவர் ஒருவர், அவரைச் சுற்றித் தம் வாழ்வை வளைத்துக்கொள்பவர் பலர் என்னும் உண்மை இவ்வமைப்புகளின் பட்டறிவில் வெளிப்பட்டது. கணவன் பணிக்குச் செல்லாத நாளில் பொய்க் காரணம் சொல்லி விடுப்புக் கேட்பவள் மனைவி; அவன் பட்ட கடனை அடைப்பவள் அவள்; உற்றாரிடம் மறைப்பவளும் அவளே. அவனைக் காக்கும் இச்செயல்கள் யாவும் அவன் குடியையும் சேர்த்தே காக்கின்றன. இந்த முரணைப் பெயரிடவே ‘இணைசார்பு’ என்னும் சொல் பிறந்தது. 1986இல் வெளிவந்த மெலடி பீட்டியின் நூல் இச்சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது.

இந்நிலையின் கூறுகளாக நான்கினைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, பிறர் நலனைப் பேணுவதிலேயே தன் மதிப்பைக் காணுதல். இரண்டாவது, பிறர் நடத்தையைத் தன்னால் திருத்திவிட இயலும் என நம்பி, அதனைக் கட்டுப்படுத்த ஓயாது முயலுதல். மூன்றாவது, குடும்பத்தின் குறையை வெளியார்க்கும் தமக்கும் மறைத்தல். நான்காவது, மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்க இயலாமை. இவற்றின் விளைவாகப் பதற்றம், மனச்சோர்வு, உறக்கமின்மை, தன்மதிப்புக் குறைவு ஆகியன தோன்றுவதை மருத்துவர் சுட்டுவர். அடிமைப்பழக்க மருத்துவத்தில் நோயாளரோடு குடும்பத்தினரையும் இணைத்து அறிவுரை வழங்கும் முறை இதனாலேயே இடம்பெற்றது. 1980இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் இம்முறையைக் கைக்கொண்ட இந்திய நிறுவனங்களுள் ஒன்று.

எனினும் இச்சொல்லின் தகுதி ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. இதனை ஆளுமைக் கோளாறாக ஏற்க வேண்டும் எனத் திம்மென் செர்மாக் 1986இல் முன்மொழிந்தார். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூல் அதனை ஏற்கவில்லை. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் இது தனி நோயாக இடம்பெறவில்லை. பெண்ணிய உளவியலாளர் வேறொரு தடையை எழுப்பினர். பேணுதலையே பெண்ணின் கடமை என விதித்த சமூகம், அக்கடமையை அவள் நிறைவேற்றும்போது அவளையே நோயாளி என அழைப்பது எவ்வாறு நேர்மையாகும் என அவர்கள் வினவினர். மேலும், இக்கருத்தாக்கம் தனித்து நிற்கும் மனிதனையே நலமுள்ள மனிதனாகக் கொள்கிறது. சார்ந்திருத்தலை நோயாகக் கருதாது, உறவின் இயல்பான உணர்வாகவே ஜப்பானியர் அறிவர் என டகேயோ டோய் 1971இல் எழுதினார். இந்தியரின் தன்னிலை குடும்பத்தோடு பிணைந்தது என்பதை ஆலன் ரோலண்டு 1988இல் விளக்கினார். ஆகவே அமெரிக்க அளவுகோலை அப்படியே தமிழ்ப் பனுவல் மீது வைத்துவிட முடியாது. தமிழ் மரபு தனக்கென ஓர் அளவுகோலை வைத்திருந்ததா என்பதை முதலில் காணவேண்டும்.

ஊடல் என்னும் எல்லை

அவ்வளவுகோல் ஊடல் என்பது இக்கட்டுரையின் கருத்து. மருதத் திணையில் பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவனுக்குத் தலைவி உடனே கதவு திறப்பதில்லை. வாயில் மறுத்தலும் வாயில் நேர்தலும் அவள் உரிமைகளாகவே வகுக்கப்பட்டுள்ளன. திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என அமைந்தமை தற்செயலன்று. ஊடலை உப்பிற்கு ஒப்பிடும் வள்ளுவர், அது இல்லாதவிடத்தும் மிகுந்தவிடத்தும் காமம் சுவைகெடும் என உணர்த்துகிறார். மறுத்தல் உறவை முறிக்கும் செயலாகாது, உறவின் உறுப்பேயாகும் என்பது இதன் உட்பொருள். இணைசார்பின் நான்காம் கூறாகிய மறுக்க இயலாமைக்கு நேரெதிரான பண்பு இது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், விறலியர், அறிவர் உள்ளிட்ட 12 வாயில்களைக் கூறுகிறது. ஊடல் இருவருக்கிடையே பூட்டிவைக்கப்பட்ட கமுக்கமாக இல்லை. தலைவனின் குறை ஊரறியப் பேசப்படுகிறது. அவனைக் கடிந்துரைக்கத் தோழி இருக்கிறாள். மறைத்தலுக்கு இங்கு இடம் குறைவு. ஆயின் இதனை மிகைப்படுத்திவிடலாகாது. இறுதியில் வாயில் நேர்பவள் தலைவியே. பரத்தையிற் பிரிவு என்னும் ஏற்பாடு கேள்விக்குள்ளாவதில்லை. ஊடல் ஓர் எல்லைக்கோடு. உறவின் சமன்மைக்கு அது உறுதியளிக்கவில்லை.

கண்ணகி: ஊடாத மனைவி

சிலப்பதிகாரத்தில் ஊடல் மாதவிக்கு உரியதாகிறது. கானல்வரியில் அவளும் கோவலனும் ஊடிப் பிரிகின்றனர். கண்ணகி ஊடுவதில்லை. குலப்பொருளைத் தொலைத்து நாணி வந்து நிற்கும் கோவலனிடம் அவள் முறுவலோடு சிலம்பை எடுத்துக்கொள்ளுமாறு கூறுகிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி அவன் தளர்ந்ததாக அவள் கருதினாள் என உரை மரபு இவ்விடத்தை விளக்கி வந்துள்ளது. அவ்வாறு கொண்டால், கணவனின் பிழைக்கு மனைவியே பொருள் ஈயும் காட்சியாக இது அமைகிறது. கொலைக்களக் காதையில் அவள் கூறும் செய்தி இதனினும் கூர்மையானது. தன் துயரை மறைக்க அவள் பூண்ட பொய்ம்முறுவலைக் கண்டு மாமனும் மாமியும் உள்ளம் வருந்தினர் என்கிறாள். மறைப்பவள் அறிவாள், மறைக்கப்படுவோரும் அறிவர், ஒருவரும் பேசுவதில்லை. இணைசார்பின் மூன்றாம் கூறினை இதைவிடச் சுருங்கச் சொல்லிய பனுவல் அரிது.

எனினும் கண்ணகியை இணைசார்புடையவள் என முடிவுகட்ட இளங்கோ இடம் தரவில்லை. கனாத்திறம் உரைத்த காதையில் தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனை மீளப் பெறலாம் என வழி சொல்கிறாள். அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். கணவனைத் தன்பால் இழுக்கும் உத்தி எதனையும் அவள் கைக்கொள்ளவில்லை. பிறரைக் கட்டுப்படுத்தும் வேட்கை என்னும் இரண்டாம் கூறு அவளிடம் அறவே இல்லை. கொலைக்களக் காதையிலேயே, சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என அவள் கோவலனை நோக்கிக் கூறவும் செய்கிறாள். காலந்தாழ்ந்த சொல், ஆயினும் சொல்லப்பட்ட சொல். அரசவையில் வழக்குரைக்கும் கண்ணகி எங்கிருந்தோ திடீரென வந்தவள் அல்லள். தேவந்தியை மறுத்தவளும் கோவலனின் பிழையைப் பெயர்சொல்லிச் சுட்டியவளுமே பாண்டியனின் பிழையைச் சுட்டுகிறாள். அவளது மௌனத்தை மட்டும் எடுத்துக் கற்பின் இலக்கணமாக்கிய பிற்கால வழக்கு, அவளது மறுப்பை மறந்துவிட்டது.

அம்மாளு: வறுமையின் கணக்கு

‘பொன்னகரம்’ 1934இல் எழுதப்பட்டது. அம்மாளு ஆலைத் தொழிலாளி. அவள் கணவன் முருகேசன் குதிரைவண்டி ஓட்டுபவன். குடித்துவிட்டுப் பந்தயம் விட்டதில் வண்டி ஒடிந்து அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், வீட்டில் காசில்லை. நெடுநாளாகத் தன்மீது கண்வைத்திருந்த ஒருவனோடு அவள் இருட்சந்தில் மறைகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது.

மேற்போக்காகப் பார்த்தால் இணைசார்பிற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு இராது. குடிகாரக் கணவன், தன்னையே கரைத்து அவனைப் பேணும் மனைவி, அவன் செயலின் விலையைச் செலுத்தும் அவள் உடல் என அனைத்துக் கூறுகளும் உள்ளன. ஆனால் கதை அவ்வாறு படிக்கப்படுவதை எதிர்க்கிறது. அம்மாளுவின் மனத்திற்குள் புதுமைப்பித்தன் நுழைவதில்லை. அவள் குற்றவுணர்வு கொள்கிறாளா, பெருமை கொள்கிறாளா என்பது சொல்லப்படவில்லை. கதையின் பெரும்பகுதி சந்து, புழுதி, தண்ணீர்க் குழாய், ஆலை, கூலி நாள் ஆகியவற்றுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. கூலி நாள் வரும்வரை கடன் கொடுப்பாரில்லை. மருத்துவமனை கதையில் இல்லை. மறுப்பதற்கு மாற்றுவழி ஒன்று இருக்கும்போதே மறுக்க இயலாமை உளக்குறையாகும். மாற்றுவழியே இல்லாதபோது அது பொருளியற் கட்டாயம். இவ்விரண்டையும் பிரித்தறியாத உளவியல், அம்மாளுவிடம் எல்லை வகுத்துக்கொள்ளக் கற்றுக்கொள் என்று அறிவுரை கூறும். அது கற்புப் பேசுவோரின் அறிவுரையைப் போலவே அவளுக்குப் பயன்படாது. புதுமைப்பித்தனின் எள்ளல் இறுதியில் கற்புப் பேசுவோரை நோக்கிப் பாய்கிறது. கற்பு என்று போற்றினாலும் நோய் என்று இரங்கினாலும், முக்கால் ரூபாய்க்கான வேறு வழியை அவள்முன் வைக்காதவரை இரண்டும் ஒன்றே.

அம்மா வந்தாள்: அறிந்தோர் மௌனம்

1966இல் வெளிவந்த ‘அம்மா வந்தாள்’ நாவலைத் தாய்-மகன் பிணைப்பின் வழியாக ஈடிபஸ் நோக்கில் படிக்கும் வழக்கம் உண்டு. அந்நோக்கு அப்புவையும் அலங்காரத்தம்மாளையும் விளக்கும், தண்டபாணியை விளக்காது. மனைவிக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவைத் தண்டபாணி அறிவார். வளர்ந்த பிள்ளைகளும் அறிவர். வீடு அந்த அறிதலைச் சுற்றி ஒழுங்காக இயங்குகிறது. இங்குக் குடியில்லை, வறுமையின் கட்டாயமும் பொன்னகரத்தினது போன்றதன்று. மாற்றுவழிகள் இருந்தும் பேசாதிருத்தலே தேர்வாகிறது. இணைசார்பு என்னும் கருத்தாக்கம் தன் முழு வலிமையோடு பொருந்தும் இடம் இந்நாவலே எனலாம்.

இத்தகைய குடும்பங்களில் ஒவ்வொருவர்க்கும் ஒரு வேடம் வகுக்கப்படும். ஒருவர் தாங்குபவர், ஒருவர் காணாதவர், ஒருவர் குடும்பத்தின் களங்கத்தைத் துடைக்க வேண்டியவர். அப்புவிற்குக் கிடைத்தது இறுதி வேடம். சித்தன்குளத்து வேதபாடசாலைக்கு அவன் அனுப்பப்படுவது அவன் விருப்பத்தால் அன்று. அவன் வேதவித்தாகித் திரும்பினால் அவன் காலடியில் தன் பாவம் எரிந்துபோகும் எனத் தாய் எதிர்பார்க்கிறாள். பிறர் செய்த செயலுக்கு ஒரு குழந்தையின் வாழ்வு கழுவாயாக்கப்படுகிறது. அப்பு இந்துவின் அன்பை ஏற்கத் தயங்குவதற்குச் சாத்திர அச்சம் மட்டுமே காரணமாகாது. தன் வாழ்வு தனக்குரியது என்னும் உணர்வே அவனுக்குப் பயிற்றுவிக்கப்படவில்லை.

கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இம்முடிச்சை அவிழ்ப்பவர் தாங்குபவராகிய தண்டபாணி அல்லர்; அலங்காரத்தம்மாளே காசிக்குப் புறப்படுகிறாள். தன் பாவத்தைத் தானே சுமக்க முடிவு செய்யும்போதுதான் மகன் அச்சுமையிலிருந்து விடுபடுகிறான். ஜானகிராமன் இதனை அறத்தின் வெற்றியாகவோ தண்டனையாகவோ காட்டவில்லை. அவரவர் செயலை அவரவரிடம் திருப்பித் தருதல் என்ற அளவிலேயே நாவல் நிற்கிறது.

மதிப்பீடு

மூன்று பனுவல்களையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது கருத்தாக்கத்தின் பயனும் வரம்பும் தெளிவாகின்றன. கண்ணகியிடம் அது பாதியளவே பொருந்துகிறது. பொருந்தாத பாதியே அவளது வீறு. அம்மாளுவிடம் அது தோற்றத்தில் பொருந்திப் பொருளில் பிழைபடுகிறது. தண்டபாணியின் வீட்டில் அது பொருந்துவதோடு, ஈடிபஸ் நோக்கு காணாத ஒரு பாத்திரத்தையும் காணச் செய்கிறது.

இன்று குடும்ப நல மையங்களிலும் இதழ்களின் அறிவுரைப் பகுதிகளிலும் இக்கருத்தாக்கம் வெவ்வேறு பெயர்களில் வழங்குகிறது. அதைக் கேட்கும் தமிழ்ப் பெண்ணின் காதில் கற்பு, பொறுமை, குடும்ப மானம் ஆகிய பழஞ்சொற்களும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தரப்பு அவள் தாங்குவதைத் தெய்வத்தன்மை என்கிறது. மறுதரப்பு நோய் என்கிறது. இரண்டும் அவளிடம் கேட்க மறந்த வினா, அவளால் மறுக்க முடியுமா, மறுத்தால் அவளுக்குத் துணை யார் என்பதாகும். வாயில்கள் 12 வகுத்த மரபிற்கு இவ்வினா புதிதன்று.

முடிவுரை

1. இணைசார்பு நோய்ப்பெயராக ஏற்கப்படாதது. ஆயினும் உறவின் நலிவை விளக்கும் திறனாய்வுக் கருவியாகப் பயன்படத்தக்கது.

2. அதற்கு ஈடான உள்நாட்டு அளவுகோலாக அக மரபின் ஊடலைக் கொள்ளலாம். மறுக்கும் உரிமையும் அதற்குத் துணைநிற்கும் சுற்றமும் உறவின் நலத்திற்கு இன்றியமையாதன என்பதை அது உணர்த்துகிறது.

3. மாற்றுவழி உண்டா என்னும் வினாவை எழுப்பிய பின்னரே இக்கருவியைக் கையாளவேண்டும். அவ்வினா இல்லாத இடத்தில் உளவியல் திறனாய்வு வறுமையை நோயாகத் திரித்துவிடும்.

4. கற்பு பற்றிய நம் ஆய்வுகள் பெண்ணின் பொறுமையைத் தொகுத்த அளவிற்கு அவள் மறுப்புகளைத் தொகுக்கவில்லை. தேவந்திக்குக் கண்ணகி அளித்த மறுமொழியிலிருந்து அத்தொகுப்பைத் தொடங்கலாம்.