ஆழம் தெரிந்து இறங்கும் மெஷின்

திருவேற்காட்டைச் சுற்றி, அயனம்பாக்கத்திலிருந்து கோலடி வரை, பெரும்பாலான மரப்பட்டறைகளில் ரூட்டர் என்று கேட்டால் டிரிம்மரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஒரு கையில் அடங்கும், விலை குறைவு, லேமினேட் ஓரம் சீவ அதைவிடத் தோதான கருவி கிடையாது. ஆனால் ஓரம் சீவ வந்த அந்தச் சின்ன மெஷினையே பூட்டுக்குக் குழி எடுக்கவும், கீலுக்குப் பள்ளம் வெட்டவும், அலமாரிக்குக் காடி ஓட்டவும் போட்டு வாட்டுகிறார்கள். பலகையின் நடுவில் வெட்டைத் தொடங்க வேண்டுமென்றால், ஓடுகிற பிட்டைச் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே இறக்குவார்கள். பிட் ஒரு தடவை துள்ளினால் பலகை போயிற்று. சில நேரம் விரலும். இதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் பிளஞ்ச் ரூட்டரைப் பற்றி எழுதுகிறேன்.

என் கையில் இருப்பது பாஷ் ஜிஓஎஃப் 130. 1,300 வாட், நிமிடத்துக்கு 11,000 முதல் 28,000 சுற்று, எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. மற்ற விவரமெல்லாம் பெட்டியின் மேலேயே இருக்கிறது. பாஷின் நீல நிற மெஷின்கள் மேல் எனக்கு நெடுநாள் பிரியம் உண்டு, மறைப்பதற்கில்லை. ஒரகடத்தில் மின்கருவித் தொழிற்சாலை தொடங்கிய கம்பெனி. கார்பன் பிரஷ் தேய்ந்தால் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஆடி மாதம் இந்தப் பக்கம் யாரும் வாசக்கால் வைக்க மாட்டார்கள், கருமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் மர லாரியும் உள்ளே நுழையாது. அந்த ஓய்வு வாரங்களில் தேக்குக் கதவு, பிளைவுட் அலமாரி, ஒரு வேப்பமரப் பெஞ்சு என்று எல்லாவற்றிலும் இதை ஓட்டிப் பார்த்தேன். வேகம், சக்தி எதுவும் என்னைக் கட்டிப்போடவில்லை. கட்டிப்போட்டது அதன் இறங்கும் ஏறும் அமைப்பு ஒன்றுதான்.

இரண்டு தூண்கள், அவற்றில் ஸ்பிரிங், மேலே மோட்டார். கைப்பிடி இரண்டையும் அழுத்தினால் மோட்டாரோடு பிட் இறங்கும். பூட்டை விடுவித்தால் ஸ்பிரிங் அதை மேலே தூக்கிவிடும். பிட் அடித்தட்டுக்கு மேலே போய் ஒளிந்துகொள்ளும். பாதுகாப்பு என்று நான் சொல்வது முதலில் இதைத்தான். வெட்டு முடிந்ததும் பிட்டை மேலே ஏற்றி, சுவிட்சை அணைத்து, சுழற்சி நின்ற பிறகு மெஷினைத் தூக்கலாம். டிரிம்மரில் இந்த வசதி இல்லை. அணைத்த பிறகும் சில நொடி சுற்றும் பிட் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் அதைத் தொடை மேல் வைப்பவர்களையும், தரையில் கிடக்கும் ஒயர் மேல் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த அமைப்பை உலகத்துக்குக் கொடுத்தது எலு என்ற ஜெர்மன் கம்பெனி. 1984இல் அதை பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. இன்று டிவால்ட் விற்கும் டிடபிள்யூ 625, எலுவின் எம்ஓஎஃப் 177 மெஷினுடைய நேர் வாரிசு. எந்தக் கம்பெனி பிளஞ்ச் ரூட்டரை எடுத்தாலும் எலுவின் இரண்டு தூண்கள்தான் அதில் நிற்கின்றன.

துல்லியத்துக்கும் உயிர் அங்கேயே இருக்கிறது. தூண்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆழக்கோல் தொங்கும். அதற்கு நேர் கீழே, அடித்தட்டில், வெவ்வேறு உயரப் படிகளோடு திருகிச் சுற்றும் ஒரு டரெட் இருக்கும். கோல் படியில் முட்டினால் பிட் அதற்கு மேல் இறங்காது. கோலில் மில்லிமீட்டர் கோடும் போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை நம்பி நான் வேலை செய்வதில்லை, எந்த மெஷினிலும். வழி இதுதான்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரூட்டரை மரத்தின் மேல் வைத்து, பிட்டின் நுனி மரத்தைத் தொடும்வரை இறக்கிப் பூட்ட வேண்டும். பிறகு 6 மி.மீ. டிரில் பிட் ஒன்றின் வழவழப்பான தண்டை டரெட்டின் கடைசிப் படியில் வைத்து, ஆழக்கோலை அதன் மேல் இறக்கித் திருகை முறுக்க வேண்டும். டிரில் பிட்டை எடுத்துவிட்டால், மீதமுள்ள இடைவெளி சரியாக 6 மி.மீ. காடியின் ஆழம் அதுதான். ஸ்கேல் வேண்டாம், கண்ணை இடுக்க வேண்டாம். பெட்டியில் கிடக்கும் டிரில் பிட்டுகள் எல்லாமே ஆழமானிகள் ஆகிவிடுகின்றன.

இந்த முறையில் எடுத்த காடியைக் காலிப்பரின் வாலை விட்டுப் பல இடத்தில் அளந்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆழம் ஒரே சீராக இருந்தது. பட்டறைக்கு வந்த மூத்த ஆசாரி ஒருவர், உளியால் வாழ்நாள் முழுக்கக் காடி எடுத்தவர், விரலை உள்ளே விட்டுத் தடவிவிட்டு, "இவ்ளோ மட்டமா நான் இழைப்புளியிலதான் பாத்திருக்கேன் தம்பி" என்றார்.

படிகள் எதற்கு என்றால், முழு ஆழத்தையும் ஒரே மூச்சில் வெட்டக் கூடாது என்பதற்காக. 12 மி.மீ. பிட்டுக்கு ஒரு தடவைக்கு அதன் விட்டத்தில் பாதி, அதாவது 6 மி.மீ., போதும், கெட்டித் தேக்கில் 4 போதும். உயரமான படியில் ஓர் ஓட்டம், டரெட்டைத் திருப்பி அடுத்த ஓட்டம், கடைசிப் படியில் முடிப்பு. மோட்டார் திணறாது, பிட் சூடேறாது, பக்கச் சுவரில் கரிக்கோடு விழாது. இறக்கிவிட்டு ஒரே இடத்தில் நிறுத்திவைத்தாலும் கருகும். இறங்கியதும் நகர்ந்துவிட வேண்டும்.

இவ்வளவு கவனமாக ஆழம் வைத்த பிறகும் வேலை கெடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட். இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பாரிமுனையில் ஒரு கடையில் பிட் கேட்டால் "கால் இஞ்ச்சா சார்?" என்று கேட்டுவிட்டு, 6 மி.மீ. தண்டு உள்ளதையும் 6.35 மி.மீ. தண்டு உள்ளதையும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். கால் அங்குலம் என்பது 6.35. அந்தக் கோலெட்டில் 6 மி.மீ. தண்டை நுழைத்து முறுக்கினால் பிடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் கோலெட் தண்டை முழு நீளத்துக்கும் கவ்வாது. நுனியில் மட்டும் கடித்துக்கொண்டிருக்கும். மெஷின் ஓட ஓட, வெட்டும் விசையில் பிட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். 6 மி.மீ. காடி மறுமுனைக்குப் போகும்போது 9 ஆகியிருக்கும், 18 மி.மீ. பலகை பாதியாய்ப் போயிருக்கும். ஆசாரி மெஷினைத் திட்டுவார். பிட் முழுக்கக் கழன்றால் திட்டுவதோடு போகாது. 12, 12.7 ஜோடியிலும் இதே கதைதான். பிட்டை வாங்கும்போதே காலிப்பரால் தண்டை அளந்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தண்டைக் கோலெட்டின் அடிவரை தட்டி நுழைக்கவும் கூடாது. அடியைத் தொட்டதும் 2, 3 மி.மீ. மேலே இழுத்து, பிறகு முறுக்க வேண்டும். முறுக்கும்போது கோலெட் தண்டைச் சற்றுக் கீழே இழுக்கும். அடியில் முட்டி நின்றால் அது இறுகாமலே இறுகியதுபோல் தோன்றும்.

நகர்த்தும் திசைக்கு வருகிறேன். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் ஓடும். மெஷினை உங்களிடமிருந்து முன்னால் தள்ளும்போது அது இடது பக்கம் இழுக்கும். அதனால் நேர்ச்சட்டம் வைத்துக் காடி ஓட்டினால் சட்டம் மெஷினின் இடப்பக்கம் இருக்க வேண்டும். இழுக்கிற இழுப்பே மெஷினைச் சட்டத்தோடு ஒட்ட வைக்கும். மெஷினோடு வரும் பக்கத் தடுப்பைப் பயன்படுத்தினால் தடுப்பு வலப்பக்கம். பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றி வந்தால் இடஞ்சுழியாக, உள் ஓரத்தில் வலஞ்சுழியாக. இதை மாற்றி ஓட்டினால் பிட் மரத்தைக் கடிப்பதற்குப் பதில் அதன் மேல் ஏறி ஓடும். மூன்றரைக் கிலோவும் கையைப் பிய்த்துக்கொண்டு முன்னால் பாயும். "மெஷின் கையைப் பிடிச்சு இழுக்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அவர் எந்தத் திசையில் ஓட்டினார் என்பதைத்தான்.

நேர்ச்சட்டத்தோடு ஓட்டும்போது இன்னொரு விஷயம். வட்ட அடித்தட்டின் மையமும் பிட்டின் மையமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஓட்டத்தின் நடுவில் கைப்பிடியைத் திருப்பினால், தட்டின் வேறொரு பகுதி சட்டத்தைத் தொடும், காடி அரை மி.மீ. வளையும். தட்டின் விளிம்பில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளியே கடைசி வரை சட்டத்தைத் தொடும்படி ஓட்டினால் போதும். காடியின் அகலத்தையும் பிட்டின் அளவுக்கு விட்டுவிடக் கூடாது. 18 என்று விற்கும் பிளைவுட்டை அளந்தால் பெரும்பாலும் 18 இருப்பதில்லை. 12 மி.மீ. பிட்டைப் போட்டு, பலகையின் நிஜக் கனத்துக்குத் தகுந்தபடி சட்டத்தைச் சற்று நகர்த்தி இரண்டு ஓட்டம் ஓட்டுவதுதான் கைக்கு இறுக்கமாக உட்காரும் பொருத்தத்தைத் தரும்.

கதவில் பூட்டின் முகத்தகட்டுக்கு 3 மி.மீ. பள்ளம் எடுப்பது இந்த மெஷின் ஜொலிக்கிற இடம். ஆனால் 35 மி.மீ. கனமுள்ள கதவின் விளிம்பில் அடித்தட்டு நிலையாக நிற்காது. இரண்டு பக்கமும் விளிம்போடு மட்டமாகக் கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு, மெஷின் நிற்க மேடை கட்டிக்கொண்ட பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். பிட் வட்டமாதலால் மூலைகள் உருண்டு நிற்கும். அதை உளியால் சதுரமாக்க வேண்டும். அந்த மூலையில் நம் ஆசாரிகளின் கைக்கு இணை எதுவும் கிடையாது.

28,000 சுற்று என்று பெட்டியில் போட்டிருப்பது எல்லாப் பிட்டுக்கும் பொருந்தாது. 12 மி.மீ. பிட்டின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்கு சுமார் 63 கி.மீ. ஓடுகிறது. 50 மி.மீ. பிட்டை அதே வேகத்தில் சுழற்றினால் 260 கி.மீ.க்கு மேல். 25 மி.மீ. வரை 24,000, 50 வரை 18,000, அதற்கும் மேலே 16,000 அல்லது அதற்கும் கீழே என்பது பொதுவான கணக்கு. பிட்டின் மேல் எழுதியிருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டவே கூடாது. அகலமான பிட்டை டேபிளில் பொருத்தி ஓட்டுவது நல்லது, கையில் பிடித்து வேண்டாம்.

கரண்டையும் கவனியுங்கள். 1,300 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் ஆம்பியர். ஃபேன் போடும் சின்ன பிளக்கில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் செருகி ஓட்டினால் ஒயர் சூடாகும், வோல்டேஜ் விழும், பாரம் ஏறும்போது மோட்டார் முனகும். 15 ஆம்பியர் பாயின்ட், தடித்த ஒயர், அதுவும் சுருட்டாமல்.

கையுறை போடக் கூடாது. சுழலும் பிட் துணியைப் பிடித்தால் கையோடு சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, தொங்கும் கழுத்துச் செயின், அவிழ்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம். கண்ணாடி, காதடைப்பான், தூசி முகமூடி மூன்றும் கட்டாயம். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இலேயே வைத்துவிட்டது. எம்டிஎஃப் வெட்டும்போது எழும் மாவு போன்ற தூசி பட்டறையில் வெகுநேரம் மிதக்கும். வாசல் பக்கம் உட்கார்ந்து வெட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். வேக்குவம் குழாயை மாட்டுங்கள்.

இப்போது பூஜையறைக் கதவில் லட்சுமியும் மணியும் செதுக்க சிஎன்சி ரூட்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பட்டும், அந்த வேலைக்கு அது பொருத்தம்தான். ஆனால் ஒரு வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே மாட்டிய கதவில் பூட்டு மாற்றவும், ஒரு படிக்கட்டுச் சட்டத்தில் காடி எடுக்கவும் சிஎன்சியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கீல், பூட்டு, அலமாரி என்று மாதம் முழுக்க வேலை இருக்கிற ஆசாரிக்கு ஜிஓஎஃப் 130ஐத் தயங்காமல் சொல்வேன். லேமினேட் ஓரம் மட்டும் சீவுகிறவர் டிரிம்மரோடு நிற்கலாம். வாங்குகிறவர்கள் அன்றே மூன்று கார்பைடு பிட்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள்: 6 மி.மீ. நேர் பிட், 12 மி.மீ. நேர் பிட், பேரிங் வைத்த ஓரப் பிட் ஒன்று. தேக்கில் இருக்கும் சிலிக்காவும் பிளைவுட் பசையும் எச்எஸ்எஸ் எஃகு முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மூன்றின் தண்டும் உங்கள் கோலெட்டின் அளவுதானா என்று கடையிலேயே அளந்துவிடுங்கள்.