மோதிரத்தின் ரசீது யார் பெயரில்?

நிச்சயதார்த்தம் முடிந்து வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்தி விரலை நீட்டிக் காட்டினாள். செங்கல்பட்டில் மூன்று தலைமுறையாக நகைத்தொழில் செய்யும் குடும்பத்தில் செய்த மோதிரம். கடைக்காரரின் மகள் இவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கணினியில் வரைந்து காட்டியிருக்கிறாள். உள்பக்கம் இருவர் பெயரும் பொறித்திருந்தன. மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் மாற்றிக்கொண்டார்களாம். "மாப்பிள்ளைக்கு?" என்றேன். "அவருக்கும் அப்பாதான் மேம் எடுத்தார்." ரசீது யார் பெயரில் என்று கேட்டதற்குச் சிரித்தாள். அதுவும் அப்பா பெயரில்தான்.

'நவீன மணப்பெண்' என்று நகைக்கடைகள் யாரைச் சொல்கின்றன? மிக நல்ல உதாரணங்களையே எடுத்துக்கொள்வோம். 2013இல் தனிஷ்க் ஒரு மறுமணத்தை விளம்பரமாக்கியது. மணப்பெண்ணுக்கு ஒரு சிறு மகள் இருந்தாள். 1925இல் ஆலப்புழையில் தொடங்கிய குடும்ப நிறுவனமான பீமா, 2021இல் ஒரு திருநங்கையின் கதையைச் சொன்னது. குடும்பம் அவளை ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நகை வருகிறது. கடைசியில் அவள் மணப்பெண்ணாக நிற்கிறாள். இரண்டும் துணிச்சலானவை, பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் இரண்டிலும் ஒரே இலக்கணம்தான்: அவள் யாராக இருந்தாலும் சரி, கடைசியில் மணமேடைக்கு வர வேண்டும். குடும்பத்தின் அன்பு தங்கமாகத்தான் பேசும். அந்தத் தங்கம் யாருக்குச் சொந்தம் என்பதை விளம்பரம் பேசுவதில்லை.

நம் வீடுகளில் மோதிரம் என்பது பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடுவது. இப்போது பெண்ணின் விரலுக்கும் ஒன்று வந்திருக்கிறது. வைர மோதிரம் இல்லாமல் நிச்சயம் இல்லை என்ற எண்ணமே டி பியர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விளம்பரத்தால் வளர்த்தது. வைரம் என்றென்றைக்குமானது என்ற பொருளில் 1947இல் அதற்கு முழக்கம் எழுதிய பிரான்சஸ் ஜெரட்டி கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அந்த வழக்கத்தில் மோதிரம் வாங்குவது ஆணின் செலவு. இங்கே வந்து சேர்ந்தபோது பல வீடுகளில் அதுவும் பெண்ணின் தகப்பன் கணக்கில் ஏறிவிட்டது.

மோதிரத்துக்கு இதே மண்ணில் வேறொரு வரலாறும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை, விவாகரத்து உரிமை, விதவை மறுமணம் ஆகியவற்றுக்கு அங்கே தீர்மானம் போட்டார்கள். சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கி அண்ணா ஆட்சியில் வந்த 1967 சட்டத் திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலையிடலாம். ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். புரோகிதர் தேவையில்லை. மாலைக்கும் மோதிரத்துக்கும் 'ஒருவருக்கொருவர்' என்கிறது சட்டம். தாலிக்கு அந்தச் சொல் இல்லை. நவீனம் என்று நான் எதையாவது சொல்வதென்றால் அந்த 'ஒருவருக்கொருவர்' என்பதைத்தான் சொல்வேன்.

சொத்துரிமைத் தீர்மானத்தின் கதை வேறு. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று. சரியாக 60 ஆண்டுகள். அப்போதும், அதற்கு முன்பே மணமாகிப் போயிருந்த மகள்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்களுக்குத்தான் நகை போட்டு அனுப்பியாயிற்றே! இன்றும் நிலத்தில் பங்கு கேட்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில் இதுதான். நகை இங்கே அன்பு மட்டுமல்ல. பங்கைக் கேட்காமலிருக்கக் கொடுக்கும் விலையும்கூட.

அந்த விலையாவது அவள் கையில் இருக்கிறதா? பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் அவளுக்கு மட்டுமே சொந்தம், கணவன் அதைப் பொறுப்பில் வைத்திருப்பவன்தான் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நகை மாமியாரின் பீரோவில் இருக்கும். அடகுச் சீட்டு கணவன் பெயரில் இருக்கும். பிரிவு வந்து நீதிமன்றம் போகும்போது, இது என்னுடையது என்று காட்ட அவளுக்கு ஒரு தாள் வேண்டும்.

மோதிரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அழகானதைப் பெண் ஆசைப்படக் கூடாது என்பது இன்னொரு ஒழுக்கப் பாடம். அது போதுமான அளவு நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது. தன் மோதிரத்தைத் தானே வரையச் சொன்ன என் மாணவியின் மகிழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. மணப்பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து வரைந்து காட்டும் அந்தக் கடைக்கார மகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ரசீது எழுதும்போதும் அவள் பெயரைக் கேளுங்கள்.