மாத்தளை வாட்டல்

சங்க மலர்க்குழுவின் மூத்தவர்கள் கேட்டு நான் மறுத்ததில்லை. 1867, லூல்கந்துர, முதல் தேயிலைத் தோட்டம் என்று தொடங்கினால் நம் அங்கத்தவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆகவே ஸ்டோருக்குள், அதாவது தேயிலை ஆலைக்குள் போகிறேன். அதற்கு முன் ஒரே ஓர் ஒப்பீடு.

பிரான்சில் ரோமானே-கொந்தி என்றொரு திராட்சைத் தோட்டம் உண்டு. பரப்பு இரண்டு ஹெக்டேயர்கூட இல்லை. அதன் 1945ஆம் ஆண்டுச் சிவப்பு வைன் ஒரு போத்தல் 2018இல் நியூயோர்க் ஏலத்தில் 558,000 டொலருக்குப் போனது. அந்த வைன் எழுபது வருடம் நிலவறையில் கிடந்து விலை ஏறியது. நம் தேயிலைக்கு அந்த வசதி இல்லை. வைத்திருந்தால் வாசம் இறங்கும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஒரு தோட்டத்தின் மார்க் ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பெயர் எடுக்க வேண்டும். போன வருடத்துப் புகழுக்கு யாரும் ஒரு சதம் தரமாட்டார்கள்.

அந்தப் பெயரை எடுக்க ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வழி உண்டு. ஊவாக்காரர்களின் பெருமை கச்சான் காற்று. ஆடி, ஆவணியில் அது வீசும்போது கொழுந்து செடியிலேயே பாதி வாடிவிடும். இறுக்கமாய் வாட்டி அந்தத் தனி வாசத்தைப் பிடிப்பார்கள். காற்று இல்லாத மாதங்களில் அவர்களும் நம்மைப் போலத்தான் என்றால் பதுளை நண்பர்கள் கோபிக்கக்கூடாது. திம்புளையார் தை முதல் பங்குனி வரை குளிர் இரவுகளை நம்பிச் சாயத்தின் துலக்கத்தைக் காப்பவர்கள். ருகுணுக்காரர்கள் இலையின் கறுப்புக்கும் முறுக்குக்கும் உழைக்கிறார்கள். அரபு நாடுகள் நல்ல விலை தருகின்றன. அதற்குமேல் அவர்களைப் பற்றிச் சொல்ல நான் ஆளல்ல.

நம் மாத்தளை, நாலாயிரம் அடிக்குக் கீழ்ப்பட்ட நடுமலை. கனமான சாயம், பால் ஊற்றினாலும் எழுந்து நிற்கும். இதைத் தனிப் பள்ளி என்று பலர் ஒப்புவதில்லை. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் வழியில் ஒரு ஸ்டோரில் என் ஐயாவிடம் நின்று வேலை பழகியவன் என்பதால் நான் ஒப்புகிறேன்.

ரிவர்ஸ்டன் கணவாயில் பிற்பகல் வெயில் அடித்தாலும் மாலையில் மூடுபனி இறங்கிவிடும். அந்த ஈரத்தில் வாட்டல் தட்டுகளின் காற்றாடியை எப்போது போடுவது, சூட்டுக் காற்றை எவ்வளவு விடுவது என்பதில்தான் எங்கள் பள்ளியே இருந்தது. ஐயா இரவு இரண்டு மணிக்கு எழுந்து வருவார். ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுவார். உருண்டை குதித்து விரிந்தால் இன்னும் காயவில்லை. காம்பு முறியாமல் மடங்க வேண்டும், பச்சை வாடை போய்ப் பழ வாசம் வர வேண்டும். சுவரில் ஈரமானி தொங்கும். தன் மூக்கு சொன்னபிறகே அதைப் பார்ப்பார். தோட்டத்துத் துரை எவ்வளவு சத்தம் போட்டாலும் அதுவரை ரோலர் சுற்றாது. ரோலரிலிருந்து சலித்தெடுத்த முதல் டூல் செம்பு நிறத்துக்கு வரும்வரை பக்கத்தைவிட்டு அசையவும் மாட்டார்.

இன்றைய தம்பிமாரில் யாரையும் குறித்துச் சொல்லவில்லை. கொழுந்தெடுக்க ஆள் இல்லை, இரண்டு இலையும் அரும்புமாய் வரவேண்டியது மடுவத்துக்கு நாலு இலையும் காம்புமாய் வருகிறது. 2021இல் அரசு இரசாயன உரத்தைத் தடுத்ததும் அவர்கள் செய்த பிழையல்ல. ஆனாலும் பதினைந்து மணி நேர வாட்டலைப் பத்துக்குள் முடித்து, கைபேசி அலறியதும் டிரையருக்குத் தள்ளுவதைக் கேள்விப்படுகிறேன். சென்ட் பூசிக்கொண்டு கோப்பை முன் நிற்பவர்களும் உண்டாம்.

இந்த அலட்சியம் ஸ்டோரோடு நின்றால் பரவாயில்லை. மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் ஐந்து தேர் ஓடுகிற ஊரில், தேர் பார்க்க வருகிறவர்களுக்குத் தூளைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். கலியாண வீட்டில் அதே தண்ணீர், செத்த வீட்டிலும் அதே. நம் சங்கத்தின் போன பொதுக்கூட்டத்தில், டீமேக்கர்கள் நிறைந்த மண்டபத்தில், நூல் கட்டிய பையும் பால்மாவும்! மேடையில் இருந்த பெரியவர்கள் மரியாதைக்காகக் குடித்தார்கள், நான் குடிக்கவில்லை. பிள்ளைகள் தமிழை மறப்பதும் மலையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போவதும் இந்தக் கோப்பையில்தான் தொடங்கியது என்று அன்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம், ஆறு நிமிடம் என்று சுவைப்போருக்கு உலகத் தரமே எழுதி வைத்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு மூடியுள்ள பீங்கான் குவளைகள் வாங்கும்படி பிரேரணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் தம்பி நல்லவர், நிதி நிலைமையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.