கூடலூர் வீடுகளின் முகப்பும் உள்ளமைப்பும்

ஒரு வீட்டின் வெளித்தோற்றமும் உள் அலங்காரமும் இசைந்திருக்க வேண்டும் என்பது வீடு கட்டுவோருக்கு அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை. இந்த இசைவு பெரும்பாலும் நிறம், பாணி, பொருள் ஆகியவற்றின் பொருத்தமாகவே விளக்கப்படுகிறது. தேனி மாவட்டம் கூடலூரின் வீடுகளைப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது என்பது தெரியும். அங்கு இன்று எழும் பல வீடுகளில் முகப்பும் கூடமும் வெவ்வேறு பாணியில் இருப்பது பெரிய குறையன்று. உள்ளே வாழ்பவர்களின் தேவையைக் கேட்காமலேயே முகப்பு முடிவாகிவிடுவதுதான் குறை.

பழைய ஓட்டு வீடு

கூடலூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பத்திலிருந்து குமுளி செல்லும் வழியில் உள்ள நகராட்சி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது. நெல், தென்னை, வாழை, திராட்சை ஆகியவை இப்பகுதியின் பயிர்கள். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து காற்றும் சாரலும் வரும். பங்குனி, சித்திரையில் வெயில் கடுமையாக இருக்கும்.

பழைய ஓட்டு வீடு இந்த வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்தது. தெருவை ஒட்டித் திண்ணை, அதன்மேல் தாழ இறங்கிய சார்ப்பு, நிலைக்கதவு, உள்ளே பட்டாசாலை, பின்னால் அடுப்படி, கொல்லை என்பது அதன் பொதுவான வரிசை. சார்ப்பு தெருவில் நடப்பவருக்கு வீட்டின் முகமாகத் தெரிந்தது. உள்ளே இருப்பவருக்கு அதுவே நிழலாகவும் சாரல் மறைப்பாகவும் இருந்தது. வயலிலிருந்து வந்தவர் உட்காரவும், மூட்டையை இறக்கி வைக்கவும் திண்ணை பயன்பட்டது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும்போது உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் ஒரே சுண்ணாம்பு. யாரும் திட்டமிடாமலே உள்ளும் புறமும் ஒத்துப்போயின.

ஆனால் அந்த வீட்டைக் குறையற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. அடுப்படியில் புகையும் இருட்டும் இருந்தன. ஓடுகளை அவ்வப்போது பிரித்து மாற்ற வேண்டியிருந்தது. தெருத்திண்ணை பெரும்பாலும் ஆண்களின் இடமாகவே இருந்தது. பெண்களின் பொழுது அடுப்படியிலும் கொல்லையிலும் கழிந்தது. வெளிச்சமான சமையலறையும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் தந்த கான்கிரீட் வீட்டை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை.

'எலிவேஷன்' என்னும் தனிப்பொருள்

கான்கிரீட் வீட்டோடு வந்த சொல் 'எலிவேஷன்'. கட்டட வரைபடத்தில் இது ஒரு பக்கத்தின் நேர்த்தோற்றத்தைக் குறிக்கும் சொல். ஊர் வழக்கில் தெருப்பக்கச் சுவரின் அலங்காரம் என்று பொருள் மாறிவிட்டது. அதற்குத் தனி வரைபடம், தனிச் செலவு. கட்டத்தை நிரப்பும் டைல்ஸ், அலுமினியப் பலகை, கண்ணாடி, வளைவுகள், பல வண்ணங்கள் என அது விரிகிறது. அதே வீட்டின் பக்கச் சுவர் பல ஆண்டுகள் பூசப்படாமல் செங்கல் தெரிய நிற்பதைத் தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும் காணலாம். பால் காய்ச்சும் நாளில் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முகப்பை என்பதால், இருக்கும் பணம் முதலில் அங்கே போகிறது.

இதன் விலையை உள்ளே இருப்பவர்களே கொடுக்கிறார்கள். மேற்குப் பார்த்த வீட்டின் முகப்பில் நீளமான கண்ணாடி வைத்தால் பிற்பகல் வெயில் முழுவதும் கூடத்துக்குள் இறங்கும். உடனே திரை வருகிறது. திரையால் இருட்டாகும் அறையில் பகலிலேயே விளக்கு எரிகிறது. சில வீடுகளில் வெளியே அழகுக்காக வைத்த சன்னலை உள்ளே தொலைக்காட்சி அலமாரி மூடிவிடுகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவில் வெப்பத்தை வெளியே விடும். அதன் கீழே பொய்க்கூரை அமைத்து வண்ண விளக்கு பதித்தாலும், வெப்பம் வரும் மூலம் மொட்டை மாடியில்தான் இருக்கிறது. முகப்புக்குச் செலவிட்ட தொகையில் ஒரு பகுதியை மாடித் தளத்தின் வெப்பத் தடுப்புக்கும் சன்னல்களின் மேல் அகலமான சஜ்ஜாவுக்கும் ஒதுக்கியிருந்தால், வீட்டிலுள்ள முதியவர்களும் குழந்தைகளும் நிம்மதியாக உறங்கியிருப்பார்கள்.

செட்டிநாட்டு வீடு காட்டும் பாடம்

இன்று முகப்புகளில் அதிகம் நகலெடுக்கப்படுவது செட்டிநாட்டு வீடு. போர்டிகோவில் தேக்கு நிறம் பூசிய சிமெண்ட் தூண்களும், கூடத்தில் ஆத்தங்குடித் தளக்கற்களும் இந்த விருப்பத்தின் அடையாளங்கள். பாணிப் பொருத்தம் என்ற விதியைச் சோதிக்கச் செட்டிநாடே சிறந்த எடுத்துக்காட்டு.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள அந்த வீடுகளில் ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும் கொண்ட முகப்பின் மீது சுதையாலான திருமகள் அமர்ந்திருப்பதைக் காணலாம். உள்ளே பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் உண்டு. பாணி அளவில் அது ஒரு கலவை. ஆயினும் வீடு சிதறித் தோன்றுவதில்லை. தெருவாசலில் நிற்பவரின் பார்வை முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எனக் கதவுகளின் நேர்வரிசையில் பின்புறம் வரை செல்கிறது. நடுவிலுள்ள முற்றம் ஒளியையும் மழையையும் வீட்டுக்குள் கொண்டு வருகிறது. திருமணம் போன்ற குடும்பச் சடங்குகளை வீட்டிலேயே நடத்தும் வாழ்க்கைக்காக அந்த வரிசை அமைந்தது. அலங்காரம் அதன்மேல் வந்து சேர்ந்தது. முற்றத்தை விட்டுவிட்டுத் தூணை மட்டும் நகலெடுக்கும் வீட்டுக்கு அந்த ஒழுங்கு கிடைப்பதில்லை.

மலைக்கு அப்பால் ஒரு மாற்று

கூடலூருக்கு மேலே எழும் மலைகளுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் வாகமண் உள்ளது. இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) 1960களில் அங்கே தங்கியிருந்தார். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறினார். அவர் கட்டிய பல வீடுகளில் செங்கல் சுவருக்குப் பூச்சு இல்லை. வெளியே தெரியும் செங்கலே உள்ளேயும் தெரியும். செங்கற்களுக்கு இடையே துளைகள் விட்டு எழுப்பிய சுவர் வெளியே கோலம்போலத் தெரியும். உள்ளே அது காற்றையும் நிழலையும் தரும். அலங்காரமும் பயனும் ஒரே சுவரில் சேர்வது அவருடைய கட்டடங்களின் சிறப்பு.

கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்து வார்க்கும் முறையையும் அவர் பரப்பினார். இதனால் கான்கிரீட்டின் அளவு குறைகிறது. உட்கூரையில் ஓட்டின் வரிசை அழகாகத் தெரிகிறது. பழைய வீட்டை இடிக்கும்போது கழிக்கப்படும் ஓடுகளில் உடையாதவற்றை இதற்குப் பயன்படுத்தலாம். தாத்தா காலத்தில் கூரைமேல் இருந்த ஓடு பேரன் வீட்டில் கூடத்தின் விதானமாக மாறும்.

மதிப்பீடு

சொந்த வீடு என்பது பல குடும்பங்களுக்கு வாழ்நாள் சேமிப்பு. அதன் முகப்பு தெருவில் மதிப்பைப் பெற்றுத் தருகிறது என்பதை மறுக்க முடியாது. அந்த ஆசையைப் பழிக்கவும் தேவையில்லை. மாற வேண்டியது வேலையின் வரிசை. எந்த அறையில் யார், எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வெயிலும் காற்றும் வரும் திசையைப் பார்த்து அந்த அறைகளுக்குச் சன்னல் குறிக்க வேண்டும். அதன்பின் சஜ்ஜா, வாசல், திண்ணை, நிறம் என்று முகப்பை வரையலாம். போர்டிகோவில் வீட்டுப் பெண்களும் உட்காரும்படி ஒரு சிறு திண்ணை அமைத்தால், பழைய வீடு அவர்களுக்குத் தராத இடத்தைப் புதிய வீடு தரும்.