கைப் பம்பும் பழைய 407-இன் பிரேக்கும்

பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது என்று சொன்னால் லோடு வண்டிப் பட்டறைகளில் கிடைக்கும் முதல் வைத்தியம் ஏர் எடுப்பதுதான். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிப்பார், இன்னொருவர் அடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூடுவார். அந்த இரண்டாவது ஆள் வேண்டாம் என்று சொல்லித்தான் இப்போது கைப் பம்ப் விற்கிறார்கள். துப்பாக்கி மாதிரிப் பிடி, மேலே ஒரு வேக்கம் மீட்டர், உறிஞ்சிய ஆயில் விழ ஒரு டப்பா, இரண்டு மூன்று ரப்பர் முனைகள். 2,000 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. நான் இதைப் பரிசோதித்தது ஒரு பழைய டாடா 407-இல்.

1986-இல் அறிமுகமான 407-இன் பழைய மாடல்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஹைட்ராலிக், துணைக்கு வேக்கம் பூஸ்டர். இந்த வண்டி கொடைக்கானல் கேரட்டையும் பீன்ஸையும் வத்தலக்குண்டுப் பக்கம் இறக்குகிறது. ஓட்டுகிற தம்பியின் புகார் தெளிவாக இருந்தது: "அண்ணே, முன்னெல்லாம் கொஞ்சம் மிதிச்சாலே புடிக்கும். இப்ப முக்கால்வாசி உள்ள போயிருது. ரெண்டு அடி அடிச்சா மேல வந்துருது. ஆனா வந்த பெறகும் கிண்ணுன்னு இல்ல."

இந்த நாலு வாக்கியத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. முதல் மிதியில் ஆழமாகப் போய் அடுத்த மிதியில் மேலே வருகிறது என்றால், லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. ஒரு மிதியில் தள்ளப்படும் ஆயில் அந்த இடைவெளியை நிரப்பவே சரியாகப் போகிறது. மேலே வந்த பிறகும் பஞ்சுபோல் அமுங்குகிறது என்றால் லைனில் காற்று. காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெதுவாகத் தரைக்குப் போகிறது, வெளியே எங்கும் ஆயில் கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் தேய்ந்து ஆயில் திரும்பி வழிகிறது. இந்த வண்டியில் கடைசிக் கோளாறு இல்லை. முதல் இரண்டும் இருந்தன.

சோதிக்கும் முன் என்ஜினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்துப் பூஸ்டரில் உள்ள வேக்கத்தைக் காலி செய்துவிட வேண்டும். பூஸ்டரின் உதவி போனால்தான் ஹைட்ராலிக்கின் உண்மை நிலை காலுக்குத் தெரியும். அப்படியே மிதித்தபடி என்ஜினை ஓட்டினால் பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் உயிரோடிருக்கிறது.

கைப் பம்ப் காசுக்கு மதிப்புக் காட்டியது இந்த இடத்தில். டீசல் என்ஜினில் மேனிஃபோல்டிலிருந்து போதிய வேக்கம் கிடைக்காது. தனியாக ஒரு வேக்கம் பம்ப் தேவை. இந்த வண்டியில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கிறது. அதிலிருந்து வரும் ஹோஸில் மீட்டரை மாட்டி ஐடிலில் ஓடவிட்டதும் முள் 20 அங்குலத்தைத் தாண்டி நின்றது. பிறகு கையால் பூஸ்டருக்கு வேக்கம் கொடுத்து விட்டுவைத்தேன், முள் நகரவில்லை. பூஸ்டர் கெட்டால் பெடல் கல்லாகுமே தவிர மெத்தென்று ஆகாது. ஆனாலும் மெத்தென்ற பெடலுக்குப் பூஸ்டரை மாற்றச் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. மீட்டரைக் கண்ணால் காட்டினால் அந்தப் பேச்சு அடங்கும்.

ஏர் எடுக்கிற வேலையில் கதை வேறு. பின்சக்கர நிப்பிளில் மாட்டி இழுத்தால் குமிழிகள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாகவே வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. டியூபில் தெரியும் குமிழி லைனில் இருந்ததா, மரையில் நுழைந்ததா என்று சொல்ல முடியாது. மரையைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் அப்பினால் குறையும், நிற்காது. டிரம் பிரேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் விளிம்பு, உள்ளிருந்து அழுத்தம் வரும்போதுதான் சுவரோடு ஒட்டி அடைக்கும். வெளியிலிருந்து உறிஞ்சினால் அந்த விளிம்பு சுருங்கி, காற்றே உள்ளே போகலாம். எடுக்க வந்த ஏரை நாமே ஏற்றிவிடுவோம்.

ஆகவே பழைய இரண்டாள் முறைக்கே திரும்பினோம். அதற்கு முன் டிரம்களைக் கழற்றியதில் பின்பக்க வீல் சிலிண்டர் ஒன்றின் ரப்பர் மூடியைத் தூக்கியதும் ஈரம். காற்று நுழைந்த வாசல் அதுதான். ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கமும் அதே வயசுதான். இரண்டுக்கும் சேர்த்தே கிட் மாற்றியது சரி. ஹோஸ்களைப் பிளையரால் நசுக்கிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் தடுத்தேன். வயசான ரப்பர் உள்ளே கிழிந்தால் அது புதுக் கோளாறு.

மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரம் முதலில், கிட்டத்தில் உள்ளது கடைசியில். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்தோம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் தினமும் ஓடும் பகுதி வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், அதற்கு அப்பால் துருவும் அழுக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாயிருந்த மாஸ்டர், ஏர் எடுத்த மறுநாள் போய்விட்டது என்று பல பேர் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு ரூபாய்க் கட்டை தடுத்துவிடும்.

பிறகு அட்ஜஸ்டர்: சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, லேசாக உரசிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துவது. பெடல் மேலே வந்தது பெரும்பாலும் இதனால்தான். ஏர் எடுத்ததில் கிடைத்தது கிண்ணென்ற பிடி.

டப்பாவில் இருந்த ஆயில் காப்பி நிறம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அளவுகோல். ஈரம் ஏறியதற்கு 140 டிகிரிதான். டாட் 4-க்கு அவை 230, 155. சமவெளியில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியாது. லோடோடு மலை இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும், ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் நிமிரும். அடிவாரத்தில் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் சொன்னால் நம்பமாட்டார். மாஸ்டர் டப்பாவின் பழைய ஆயிலை உறிஞ்ச இந்தப் பம்ப் அருமை, அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் போதும்.

வேக்கம் மீட்டராகவும் ஆயில் உறிஞ்சியாகவும் வாங்கலாம். டிரம் பிரேக் வண்டியில் ஏர் எடுக்க மட்டும் என்றால், பெடல் மிதிக்கிற பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பது மலிவு.