சலானைப் பார்த்து வரைந்த தரவுத்தளம்

2025 செப்டம்பர் 22 அன்று வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஜிஎஸ்டி விகிதம், 18 விழுக்காடு, அமலுக்கு வந்தது. அதுவரை பல பாகங்களுக்கு 28. சென்னையை அடுத்த ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ கார் கம்பெனிகளுக்குப் பிரஸ் பாகம் செய்து கொடுக்கும் சிறு நிறுவனத்தின் பில்லிங் மேசையில் இது ஒரு நிமிட வேலைதான்: ஐட்டம் மாஸ்டரில் 28-ஐ அழித்து 18 என்று அடிக்க வேண்டும். தலைவலி அதற்குப் பிறகுதான். ஆகஸ்டில் அனுப்பிய சரக்கில் நூறு பாகம் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருகிறது. அதற்கான கிரெடிட் நோட்டைப் பழைய விகிதத்தில் போட வேண்டும். மென்பொருளோ 18 என்றே சாதிக்கிறது. 28 என்று ஒன்று இருந்த சுவடே அதில் இல்லை.

இப்படி ஆவது ஏன் என்று தேடினால், வடிவமைப்பு தொடங்கிய முதல் நாளுக்குப் போக வேண்டும். மென்பொருள் செய்து தருபவர் வருவார். முதலாளி அல்லது கணக்காளர் ஒரு கோப்பை நீட்டுவார்: இன்வாய்ஸ், டெலிவரி சலான், ஜிஆர்என் என்ற சரக்கு வரவுச் சீட்டு, தினசரி உற்பத்தி எக்செல். தாளுக்கு ஒரு டேபிள், தாளில் உள்ள கட்டத்துக்கு ஒரு நெடுவரிசை என்று வேலை நடக்கும். 'கிளையண்ட் கேட்டதைக் கொடுத்துவிட்டோம்' என்று கையெழுத்தும் ஆகிவிடும்.

இந்த வழக்கத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட முடியாது. சில வாரங்களில் ஓடத் தொடங்கும் மென்பொருளை அது தருகிறது. ஸ்டோர்ஸில் இருப்பவருக்குத் திரையில் தெரிவது அவர் தினமும் எழுதிய அதே சலான். பயிற்சி என்று தனியாக ஒன்றும் வேண்டாம். ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் தாள் என்பது நடந்து முடிந்ததன் பதிவு மட்டுமே. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். பீட்டர் சென் 1976-இல், பொருள்கள் எவை, அவற்றுக்கிடையே உறவு என்ன என்பதை முதலில் வரையச் சொன்னார். அந்தக் கணக்கில் இன்வாய்ஸ் என்பது தரவைப் பார்க்கும் பல ஜன்னல்களில் ஒன்று. ஜன்னலை அளந்து வீடு கட்டுவதுதான் இங்கே நடக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இவர்களில் இரண்டு மூன்று பேருக்குச் சப்ளை செய்யும் நிறுவனத்தில் ஒரே பிராக்கெட்டுக்குக் கார் கம்பெனியின் பார்ட் நம்பர் ஒன்று, உள் நம்பர் ஒன்று, டிராயிங் ரெவிஷன் ஒன்று. எஃகு விலை நகர்ந்தால் பாகத்தின் விலை முன்தேதியிட்டே மாறும். மூன்று மாதம் முன்பு அனுப்பியதற்கு இன்று வித்தியாசத் தொகை பில் போடுவது இங்கே அன்றாடம். வரி, விலை, ரெவிஷன் மூன்றும் 'எந்தத் தேதியிலிருந்து' என்ற கேள்வியோடு பிறந்தவை. தாளில் அன்றைய மதிப்பு மட்டும்தான் இருக்கும்.

வழக்கம் மொத்தமாகச் சறுக்கும் இடம் ஜாப் ஒர்க், அதாவது வேலையின் ஒரு பகுதியை வெளிப் பட்டறையில் செய்து வாங்குவது. ஆயிரம் பாகம் பிளேட்டிங்குக்கு ஒரு சலானில் வெளியே போகிறது. நானூறு ஒரு நாள், முந்நூற்றைம்பது இன்னொரு நாள் என்று திரும்புகிறது. அந்த இரண்டாம் லோடிலேயே முந்தைய சலானின் மிச்சமும் கலந்து வருகிறது. பத்துப் பதினைந்து பாழாகிறது. ஒரு சலானுக்குப் பல வரவு, ஒரு வரவுக்குப் பல சலான். இந்த உறவுக்கென்று ஒரு படிவமும் கிடையாது. ஸ்டோர்ஸ்காரர் சலான் நகலின் ஓரத்தில் பென்சிலால் கழித்துக்கொண்டே வருவார். கோப்பில் போன மாதிரித் தாளில் அந்தப் பென்சில் குறிப்பு இருக்காது. ஆகவே தரவுத்தளத்திலும் இல்லை. இருப்பு எண் சரியாக வரும், எந்தச் சலானில் எத்தனை பாக்கி என்று மட்டும் தெரியாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவோ அதைத்தான் கேட்கிறது: அனுப்பிய உள்ளீடு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். மூலதனப் பொருளுக்கு மூன்றாண்டு. மோல்டு, டை, ஜிக், ஃபிக்சருக்குக் கெடுவே இல்லை. அந்த டை பெரும்பாலும் கார் கம்பெனியின் சொத்து. இருப்பது நம் பிரஸ்ஸில், பழுதுக்குப் போயிருப்பது வேறொரு பட்டறையில். உடைமையும் இடமும் தனித்தனி என்று முதலிலேயே பிரிக்காத டேபிளில் இதை எங்கே எழுதுவது?

பாடப்புத்தகத்தின்படி எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் தீருமா என்றால், அதுவும் இல்லை. கேட்டில் லாரி நிற்கிறது. சப்ளையர், பர்ச்சேஸ் ஆர்டர், ரெவிஷன், எஃகு எந்த உருக்கில் வந்தது என்று சொல்லும் ஹீட் நம்பர் எல்லாம் கட்டாயம் என்று திரை மறிக்கிறது. லைன் நின்றுவிடும் என்று உள்ளேயிருந்து போன் மேல் போன். செக்யூரிட்டி ஹீட் நம்பரில் '0' அடித்து லாரியை விடுகிறார். காலியாக இருந்தால் 'தெரியவில்லை' என்றாவது அர்த்தம். கட்டாயக் கட்டம் பொய்யைச் சேமித்து வைக்கிறது. பின்னாளில் ஒரு வெல்டிங் விரிசலுக்குக் கார் கம்பெனியின் குவாலிட்டி ஆள் எஃகின் பூர்வீகத்தைக் கேட்கும்போது, திரை முழுக்கப் பூஜ்ஜியம்.

எந்தத் தாளிலும், எந்த வரைபடத்திலும் ஏறாத தேவைகளும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகள் நின்றன. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பில், பாகங்களுக்கு ஆர்டர் போடும் சர்வர்களில் வட்டு இடம் போதாமல் போயிற்று. மாற்று ஏற்பாடும் அதே அமைப்பில் ஓடியதால் அதற்கும் அதே கதி. சரக்கை இருப்பு வைக்காமல் நேரத்துக்குச் சப்ளை வாங்கும் தொழிலில் தரவுத்தளமே லைனின் ஒரு ஸ்டேஷன். ஒரகடத்து நிறுவனத்திடம் 'எத்தனை மணி நேரம் இது இல்லாமல் ஓட்டுவீர்கள்?' என்று கேட்கும் வடிவமைப்பாளர் அரிது.

ஆகவே வடிவமைப்பாளர் அந்தக் கோப்பை வாங்கட்டும். கூடவே ரத்தான பில், ஓரத்தில் கிறுக்கிய சலான், கேட் ரிஜிஸ்டர் ஆகியவற்றையும் கேட்டு வாங்கட்டும். ஏற்கெனவே ஓடும் மென்பொருளைத் தூக்கிப்போடப் பணம் இல்லாதவர்களுக்கு இரண்டு டேபிள் போதும்: விலையும் வரியும் எந்தத் தேதியிலிருந்து என்று ஒன்று, எந்த வரவு எந்தச் சலானைக் கழிக்கிறது என்று ஒன்று. மீதியை டேலியும் எக்செல்லும் இன்னும் சில வருடம் தாங்கும்.